காட்டிக் குடுக்க மாட்டேன்

— ஜெயபாய், உன்னை நான் காட்டிக் குடுக்க மாட்டேன். அதைச் சொல்லத்தான் ராஜபாளையத்துல பஸ் ஏறி வந்தேன். பாதியாவது திருப்பிக் குடுத்திரு, போதும்.

— என்னத்தைத் திருப்பிக் குடுக்கணும்? ஷட்டருக்கு வெளியவே நின்னு பேசுங்க. ஞாயித்துக்கிழமை ஜெராக்ஸ் கடை லீவு.

— எபனேசர்ட்டி. மில்லு எபனேசர். முடி கொட்டிப் போச்சு, அதுக்காக ஆள் தெரியலன்னு சொல்லிராத.

— ஆள் நல்லாவே தெரியுது. இங்க வந்து நிக்க எப்படித் துணிச்சல் வந்துச்சுன்னுதான் பாக்கேன்.

— எனக்கா துணிச்சல்? நல்லாருக்கே கதை! முப்பத்தேழு வருசம் கழிச்சு நீயா மெசேஜ் அனுப்பினே. எட்டு மாசம் பேசினே. கிரிப்டோ காயின்ல போடு, கிரிப்டோ காயின்ல போடுன்னு சொல்லி என் மில்லு செட்டில்மென்ட் ஏழு லட்சத்தையும் போட வச்சே. இப்ப அந்தக் காயின் ஆப்பு திறக்க மாட்டேங்கு, உன் நம்பரும் போக மாட்டேங்கு. நான் கேக்க வேண்டிய கேள்வியை நீ கேக்க.

— நானா? காயின்ல போடுன்னு நானா சொன்னேன்?

— நீதான்.

— நான் சொல்லி, நீங்க போட்டீங்க?

— எத்தனை தடவை கேப்ப? உன் கொழுந்தன் மகன் ஜெபின், துபாய்ல இருக்கான், அவன் சொல்லிக் குடுத்தான், நானே போட்டிருக்கேன் எபான்னு சொன்னியே.

— எங்க வீட்டுக்காரர் ஒத்தைப் பிள்ளை. எனக்குக் கொழுந்தனே கிடையாது. போனைக் குடுங்க.

— போன் எதுக்கு?

— குடுங்கன்னேன்ல.

— இந்தா. மேல பாரு, ஜெயபாய்னு போட்டு வச்சிருக்கேன். உன் போட்டோதான, அது?

— போட்டோ என்னோடது. நம்ம கோயில் சபைப் பொன்விழா மலர்ல வந்தது. அதை நம்ம கொயர்ல பாடின பழைய ஆளுக பேஸ்புக்குல போட்டாங்க. உங்க போட்டோவும் அதே பக்கத்துலதான் இருந்துச்சு. ஆனா இந்த நம்பர் என்னோடது இல்ல.

— ரெண்டாவது சிம் வச்சிருப்ப.

— இருங்க. செத்த நேரம் பேசாம இருங்க.

— என்ன மேல மேல தள்ளிக்கிட்டே போற? எட்டு மாசத்துப் பேச்சு, ஒரு நாள்ல வாசிச்சு முடியாது. ஜெயா? என்ன, முகம் இப்படி வெளுத்துப் போச்சு? தண்ணி இருக்கா உள்ள?

— ஒண்ணுமில்ல. ஷட்டரைப் பாதி ஏத்திட்டு உள்ள வாங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. இந்தப் பச்சைக் கட்டத்துல இருக்கது பூராம் நீங்க எழுதினதா?

— பின்ன?

— நீங்களே? கூட யாரும் உக்காந்து சொல்லிக் குடுக்கலையே?

— ஒத்தை விரல்ல அடிச்சது பாத்துக்க, ஒவ்வொரு எழுத்தா. டைப்ரைட்டிங்ல நீ ஹையர் பாஸ். நான் லோயர்லயே ரெண்டு தடவை பெயில். இன்னும் அதே வேகம்தான். ஒரு வரி அடிக்க காப்பி ஆறிப் போயிரும்.

— டைப்ரைட்டிங் படிக்கவா வந்தீங்க நீங்க? மூணாவது மெசின்ல உக்காந்துக்கிட்டு, மேல ஓடுற கேரேஜைத் தள்ளித் தள்ளி மணி அடிச்சிட்டிருந்தீங்க. மாஸ்டர் வந்து, தம்பி இது கோயில் மணி இல்லன்னாரு.

— அதைக்கூட நீ எழுதியிருந்தியே, மார்ச் மாசம்.

— சரி. அது கிடக்கட்டும். மொதல்ல தேதி சொல்லுங்க. கடைசியா எப்ப பணம் போச்சு?

— தேதி எதுக்கு?

— மனு போடணும்ல. நான் இந்தக் கடையில பன்னிரண்டு வருசமா அதைத்தான் செய்றேன். பட்டா, சாதிச் சான்று, இப்ப ரெண்டு வருசமா வாரத்துக்கு ரெண்டு பேர் இந்த மாதிரிப் பணத்தைத் தொலைச்சிட்டு வாராங்க. போன வருசம் சுந்தரபாண்டியத்துல இருந்து ஒரு வாத்தியார் வந்தாரு. தேதி?

— போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய்.

— பன்னிரண்டு நாள்! அன்னிக்கே சைபர் கிரைம் நம்பர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்கு அடிச்சிருந்தா அந்தப் பணம் போன பேங்க் அக்கவுண்ட்டை நிறுத்தி வச்சிருப்பாங்க. ஒன்பது, மூணு, சைபர், அம்புட்டுத்தான நம்பர். அதுவும் தெரியாதா?

— முன்னால ஒண்ணு இருக்கு ஜெயா. ஒண்ணு, ஒன்பது, மூணு, சைபர். தெரியும். டீக்கடை சுவத்துல ஒட்டியிருக்கான். மூணு தடவை அடிச்சு, மணி போறதுக்கு முந்தி வச்சிட்டேன்.

— ஏன்?

— யார் மேல சந்தேகம்னு கேப்பாங்கள்ல? நான் என்ன சொல்ல? ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெயபாய், வயசு அம்பத்தெட்டு, விதவை, கோர்ட்டு பக்கத்துல ஜெராக்ஸ் கடைன்னு சொல்லவா? ரெண்டு போலீஸ்காரன் வந்து உன் கடை முன்னால ஜீப்பை நிப்பாட்டினா நீ என்ன ஆவ? பணம் போனா போகுதுன்னு இருந்துட்டேன்.

— அதுக்காகவா? அதுக்காகவா பன்னிரண்டு நாள்?

— ஏட்டி, இதுக்கு ஏன் அழுவுற? நான்தான சொன்னேன், காட்டிக் குடுக்க மாட்டேன்னு.

— அழல. மெசின் தூசி. சொல்லுங்க, மொத்தம் எத்தனை தடவை அனுப்பினீங்க?

— நாலு தடவை. மொதல்ல அம்பதாயிரம். அதுல ஒரு வாரத்துல நாலாயிரம் லாபம்னு என் பேங்க்குக்கே திரும்பி வந்துச்சு. அன்னிக்கு எம்புட்டு சந்தோசம் தெரியுமா? மறு ஞாயித்துக்கிழமை அதுல பத்துல ஒண்ணு, நானூறு ரூவாயைத் தசமபாகக் கவர்ல போட்டு சபை ஐயர் கையில குடுத்தேன்.

— திருட்டுப் பணத்துக்குத் தசமபாகமா!

— சிரி. எனக்கே சிரிப்புத்தான் வருது, வயிறு எரியுற நேரம் போக. பொறவு ரெண்டு லட்சம், பொறவு மூணு லட்சத்துப் பத்தாயிரம். ஆப்புல பாத்தா பதினாலு லட்சம் நிக்கி. எடுக்கப் போனா, பத்துல ஒண்ணு முன்கூட்டிக் கட்டணும், கட்டினா மிச்சம் பூராம் வந்துரும்னு வருது. ஒரு லட்சத்து நாப்பதாயிரம். கட்டினேன்.

— யாராவது காசைக் குடுக்க காசு கேப்பானான்னு யோசிக்க மாட்டீங்களா?

— அங்கதான் ஜெயா நான் விழுந்தது. இருபதுன்னு கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன். பதினெட்டுன்னா ஜிஎஸ்டின்னு சண்டை போட்டிருப்பேன். பத்துல ஒண்ணுன்னதும் கை தானாப் போயிருச்சு. சின்னப் பிள்ளையில இருந்து சம்பளக் கவரைப் பிரிச்சதும் கோயிலுக்குன்னு மொதல்ல எடுத்து வைக்கிற கை அது. பத்துல ஒண்ணு குடுத்தா ஒன்பது நிலைக்கும்னு வளந்தவன், கேள்வி கேக்கவே தோணல.

— நம்மளை மாதிரி ஆளுகளைப் பாத்துத்தான் பத்துன்னு வச்சிருக்கான். சபைப் படத்துல இருந்து ஆளை எடுத்தவனுக்கு இது தெரியாதா? நமக்குத்தான் புத்தி இல்ல.

— பிளாக்செயின்னு வேற அனுப்பினே நீ. மில்லுல நூல் நூக்கிற ரிங் பிரேம்ல முப்பத்தஞ்சு வருசம் வேலை பாத்தவன், எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சைக்கிள் செயின்.

— நான் அனுப்பல அதை. அந்தக் காயின் பேச்சு எதுவும் நான் அனுப்பினது இல்ல. அதை மட்டும் நம்புங்க.

— உன் போன்ல வேற யாரும்... சரி. உனக்குத் தெரியாம உன் வீட்டுல யாராவது செஞ்சாங்களோ? உன் மக ஷெரின் மாப்பிள்ளை, யாராவது? சொன்னா நான் அவங்களையும் விட்டுருவேன்.

— எங்க வீட்டுல யாரும் செய்யல. ஷெரின் பெங்களூர்ல இருக்கா, அவளுக்கு இந்தக் கதையே தெரியாது. ஒரு தடவைகூடவா குரல் கேக்கணும்னு தோணல உங்களுக்கு? எட்டு மாசத்துல?

— நாலு தடவை அடிச்சேன். எடுக்கல. குரல் கேட்டா அழுதுருவேன் எபா, எழுத்துலயே இருப்போம்னு வந்துச்சு.

— அப்படியா வந்துச்சு!

— ஆமா. எனக்கும் அது சரின்னு பட்டுச்சு.

— பதினோரு கிலோமீட்டர். நேர்ல வந்து ஒரு எட்டு பாத்திருக்கலாம்ல?

— வேதமணி இருக்கா வீட்டுல. என் பெண்டாட்டி. நேர்ல வந்தா அது வேற மாதிரி ஆயிரும். போன்ல இருந்தா பழைய காலம் பழைய காலமாவே இருக்கும்னு நினைச்சேன். காலையில காப்பி குடிச்சிட்டு மொட்டை மாடிக்குப் போவேன். மலை தெரியும். அதைப் பாத்துக்கிட்டு உனக்கு ரெண்டு வரி அடிப்பேன். உன் பதில் வர்ற வரைக்கும் இறங்க மாட்டேன். கடைசி ஒரு மாசம் காயின் பேச்சு மட்டும்தான் வந்துச்சு, அதுக்கு முந்தி ஒரு நாள் கூட நீ பதில் போடாம இருந்ததில்ல.

— ஏழு மணிக்குள்ள வந்துரும்.

— ஆமா, ஏழு மணிக்குள்ள. இரு, போன் அடிக்கி. இது அந்த வக்கீல் சார். நான் எடுத்துப் பேசிட்டு வந்துருதேன்.

— எந்த வக்கீல்?

— சைபர் வக்கீலாம். சென்னையில. போன காயினைத் தேடிப் பிடிச்சுக் குடுக்கிறாராம். நாப்பத்தஞ்சாயிரம் பீஸ், இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள போட்டா நாளைக்கே வேலையை ஆரம்பிச்சிருவாரு. வேதமணியோட வளையல் ரெண்டை நேத்து அடகு வச்சிட்டேன்.

— உங்களை எப்படித் தெரியும் அவனுக்கு? நீங்களா தேடிப் போனீங்களா?

— இல்ல, அவரே கூப்பிட்டாரு. எம்புட்டு போச்சு, எந்த ஆப்புன்னு எல்லாம் அவரே சொல்லுதாரு. அதனாலதான் நம்பினேன்.

— அட மடையா! அடிச்சவனே மருந்து விக்க வாரான், நீ கையை நீட்டிக்கிட்டு நிக்கியா? எம்புட்டு போச்சுன்னு எடுத்தவனுக்குத்தான தெரியும்! குடு போனை. ஸ்பீக்கர்ல போடு. ஹலோ, வணக்கம் சார். நான் எபனேசருக்கு மனு எழுதிக் குடுக்கிறவ. பணம் ரெடியா இருக்கு. உங்க முழுப் பேரும், பார் கவுன்சில் பதிவு எண்ணும் சொல்லுங்க, புகார்ல சேக்கணும்.

— என்ன சொல்லுதாரு? எனக்குக் கேக்கல.

— வச்சிட்டான்.

— திரும்ப அடிச்சுப் பாப்போமா?

— அடிச்சே, கையை ஒடிச்சிருவேன். அந்த நம்பரை அழிக்காத, அதுவும் மனுவுல வரும். நாளைக்குக் காலையில மொத வேலையா அந்த வளையலை மீட்டு வேதமணி கையில போடு. பணம் போட்டிருக்க மாட்டியே இன்னும்?

— இல்ல. சட்டைப் பையில இருக்கு. நீ இப்பத்தான் என்னை நீன்னு சொன்ன.

— சொன்னா சொல்லிட்டுப் போறேன். வாய் தவறிருச்சு.

— தவறட்டும். மடையான்னும் சொன்ன. பாட்டு பிராக்டிஸ்ல ஸ்தாயி பிசகினா நீ இப்படித்தான் திரும்பிப் பாத்து உதட்டை மட்டும் அசைப்ப. ஆம்பளைக் குரல் வரிசையில, டெனர்ல நிக்க அம்புட்டு பேரும், எபனேசர்தான் தப்பாப் பாடினான்னு கண்டுபிடிச்சிருவாங்க.

— தப்பாப் பாடினது நீதான எப்பவும்.

— திரும்பிப் பாக்கட்டும்னுதான் பாடினேன்.

— இதை அதுல எழுதல நீ.

— அதுல எழுத வெக்கமா இருந்துச்சு. கடைசியில எழுதலாம்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள ஆப்பு மூடிட்டான்.

— அந்தத் தலையணை உறை கதையை மட்டும் ரொம்ப நீளமா எழுதியிருக்க.

— அது மறக்குமா? எண்பத்தெட்டு, சபையில அறுப்பின் பண்டிகை ஏலம். பந்தலுக்குள்ள ஆடு, கோழி, பூசணிக்காய், வாழைத்தார் எல்லாம் போயிருச்சு. கடைசியா பெண்கள் சங்கத்துக் கைவேலை. உன் தலையணை உறையை எடுத்துத் தூக்கிக் காட்டினாரு ஏலம் விடுறவரு. சிவப்பு நூல்ல பூ, நடுவுல இனிய கனவுன்னு எழுத்து.

— மூணு சுழி ணகரம்.

— ஆமா! இனிய கணவு! ஹையர் பாஸ் பண்ணினவ போட்ட எழுத்து. பின்னால நின்ன பயலுக, கணவன்னு எழுத வந்த பிள்ளை நூல் பத்தாம நிறுத்திருச்சுடான்னு கூச்சல். உனக்கு முகம் செவந்து போச்சு. நான் அஞ்சு ரூவான்னேன்.

— எங்க அப்பா பத்துன்னாங்க. அவிய அதுவரைக்கும் ஏலத்துல வாயே திறந்தது கிடையாது.

— நான் பதினஞ்சு. அவிய இருபது. நான் இருபத்தஞ்சு. சபை பூராம் என்னைப் பாக்கு, அவியளைப் பாக்கு. எனக்கு மாசம் இருநூத்திப் பத்து ரூவா, அப்ரண்டிஸ். எண்பத்தஞ்சு வரைக்கும் வந்துட்டோம். ஐயர் மெல்ல எழுந்து உங்க அப்பாவைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சாரு. அவிய உக்காந்துட்டாங்க. நான் எண்பத்தாறுன்னு சொல்லி முடிச்சேன். யாரும் எதிர்க்கல, அஞ்சுல முடிஞ்சதை நானே ஒண்ணு கூட்டிச் சொன்னேன்.

— அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அப்பா, அந்தத் தச்சன் மகன் எபனேசர் கிறுக்கனா, இல்ல ரொம்ப விசுவாசியான்னு கேட்டாங்க. அம்மாதான், ரெண்டும் இல்லன்னு சொன்னாங்க.

— அது இன்னும் இருக்கு. வேதமணி கல்யாணம் ஆன புதுசுல எடுத்துப் பாத்துட்டு, யார் தைச்சதுங்க இது, எழுத்துப்பிழையோடன்னா. ஏலத்துல எடுத்ததுன்னேன். பொய் இல்லையே.

— பொய் இல்ல. ஆனா நெசத்தை ரொம்பக் கொஞ்சமாச் சொல்லியிருக்க. சரி, பேசினது போதும். இப்ப வேலையைப் பாப்போம். மொதல்ல ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்கு அடி. நான் பக்கத்துல இருக்கேன். பொறவு இங்கேயே கம்ப்யூட்டர்ல புகார் பதியுதேன். நீ பணம் அனுப்பின நாலு அக்கவுண்ட் நம்பர், ஒவ்வொண்ணுக்கும் பேங்க் குடுத்த ரசீது எண், அந்த ஆப்புல காட்டின வாலட் விலாசம், எல்லாம் வேணும். நாளைக்கு உன் பேங்க்குல போய் எழுத்துல குடு. செவ்வாய்க்கிழமை விருதுநகர் சைபர் கிரைமுக்கு நேர்ல போகணும், நானும் வாரேன்.

— பணம் வந்துருமா?

— வரும்னு பொய் சொல்ல மாட்டேன். காயினா மாத்தி எங்கயோ கொண்டு போயிருப்பான். ஆனா நீ மொதல்ல அனுப்பினது இந்த ஊர் பேங்க் அக்கவுண்ட்டுகளுக்குத்தான. ஏதாவது ஒண்ணுல கொஞ்சம் கிடந்தாலும் பிடிச்சுக் குடுப்பாங்க. அந்த வாத்தியாருக்கு ஒரு பங்கு வந்துச்சு. மனு போடாதவனுக்கு ஒண்ணும் வராது, அது மட்டும் நிச்சயம்.

— மனு போடுறேன். ஆனா ஒண்ணு. இந்தப் பேச்சை எல்லாம் அழிச்சிட்டுப் போடுறேன். பணம் போன ரசீதை மட்டும் குடுப்போம்.

— ஒரு எழுத்தை அழிக்கக் கூடாது. அதுதான் சாட்சி. அழிச்சா நீயாப் போட்டு நீயா விட்டன்னு ஆயிரும்.

— போலீஸ் வாசிப்பான். வேதமணி வாசிப்பா.

— தப்பா ஒரு வார்த்தை இருக்கா அதுல?

— அதுதான் ஜெயா என் பயமே. தப்பா ஒண்ணு இருந்தா காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுரலாம். பழைய காலத்தைப் பேசினதுக்கு எப்படி மன்னிப்புக் கேக்க? அவ எனக்கு என்ன குறை வச்சா? ரெண்டு பிள்ளையைப் பெத்து, நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா சுடுதண்ணி வச்சு, என் பனியன்ல ஒட்டின பஞ்சைத் தட்டித் தட்டியே அவளுக்கு இழுப்பு வந்துச்சு. செட்டில்மென்ட் பணத்துல மதுரையில காட்டலாம்னு சொல்லி வச்சிருந்தேன்.

— அதை இப்பவே அவகிட்ட சொல்லு. போலீஸ் சொல்லி அவளுக்குத் தெரியக் கூடாது. கோவப்படுவா. ரெண்டு நாள் சோறு போட மாட்டா. மூணாவது நாள், மனு நம்பர் என்னன்னு அவளே கேப்பா. வாரத்துக்கு ரெண்டு வீட்டுக் கதை எனக்குத் தெரியும்.

— சொல்லிருவேன். இன்னிக்கு சொல்லிருவேன். ஆனா உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.

— கேளு.

— நீ இல்லன்னு வச்சுக்குவோம். எவனோ ஒரு திருட்டுப் பய, உன் போட்டோவை வச்சுக்கிட்டு. அப்ப நான் எட்டு மாசம் யார்கிட்ட பேசினேன்? ஏழு லட்சம் போனது வலிக்கு. ஆனா அது எண்ணி முடியுற வலி. இது அப்படி இல்ல. ஏலத்தைப் பத்தி நான் சொன்னப்ப சிரிச்சது யாரு? உங்க வீட்டுக்காரர் சின்னத்துரை கடைசி நாள்ல உன் பேரை மறந்து போனதைச் சொல்லி அழுதது யாரு? ஒருத்தனுக்கு ஒரு கிழவனை ஏமாத்த இம்புட்டு அழகா எழுத வருமா? அதை நினைச்சா கேவலமா இருக்கு ஜெயா. நீதான் எடுத்தன்னா கூடப் பரவாயில்லன்னு இருக்கு. அதனாலதான் நீதான்னு நம்பிக்கிட்டு வந்தேன்.

— எபா.

— சொல்லு.

— ஏலம் முடிஞ்ச அன்னிக்கு, கோயில் மணிக்கூண்டுக்குப் பின்னால வச்சு உன்கிட்ட ஒண்ணு சொன்னேன்ல.

— வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட கேளுன்னே.

— நீ வரலன்னுதான் நான் அம்புட்டு வருசமும் நினைச்சிட்டிருந்தேன். கல்யாணம் முடிஞ்சு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்த பொறவும், பயந்தாங்கொள்ளி, பூசணிக்காய்க்குப் பதிலாத் தலையணை உறையை எடுத்துட்டு ஓடிப் போயிட்டான்னு நினைச்சேன். நீ வந்ததா இதுல எழுதியிருக்க. நெசமா வந்தியா? இங்க என் முகத்தைப் பாத்துச் சொல்லு.

— வந்தேன். வெள்ளைச் சட்டை, அண்ணன்கிட்ட வாங்கின கறுப்பு பேன்ட்டு. கையில ஒரு கிலோ சப்பட்டை மாம்பழம்... இல்ல, அது சீசன் இல்ல, ஆப்பிள். உங்க தெருமுக்கு வரைக்கும் வந்தேன். வாசல்ல வெள்ளை அம்பாசடர் நிக்கி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்கன்னு நினைச்சேன். அந்த முக்குல வெள்ளத்தாய்னு ஒரு அம்மா பூ வித்துட்டிருப்பா, அவ பிள்ளைக கையில ஆப்பிளைக் குடுத்துட்டுத் திரும்பிட்டேன்.

— ஆப்பிளை இதுல எழுதலையே.

— எல்லாத்தையும் எழுதுவாங்களா?

— சரி. சரி எபா. நல்லது. வந்தியே, அது போதும். இப்ப புகாரை முடிப்போம். கடைசிக் கட்டத்துல நடந்ததை விவரமா எழுதச் சொல்லுதான். எந்த மெசேஜைப் பாத்து எதிர்ல இருக்கது ஜெயபாய்தான்னு நம்பினீங்கன்னு எழுதணும். நீ வாசி, நான் அடிக்கேன்.

— அது ஜூன் பத்தொன்பது. அந்த மெசேஜை வாசிச்ச அன்னிக்குத்தான் ரெண்டு லட்சம் போட்டேன். இது உங்க வீட்டு ஆள் தவிர எவனுக்கும் தெரியாது. அதான் சொல்லுதேன், நீ இல்லன்னா எப்படி? கேளு. எபா, நீ பாத்தது மாப்பிள்ளை வீட்டுக் கார் இல்ல...

— ...அம்மாவுக்கு மூச்சுத் திணறிப் போயி டாக்டர் வந்திருந்தாரு. அது அவரு கார். நான் அடுப்படியில சுடுதண்ணி வச்சிக்கிட்டே சன்னல் வழியா உன்னைத்தான் எட்டி எட்டிப் பாத்தேன். இன்னும் பத்தடி நடந்து வந்திருக்கலாமே எபா.

— போன் என் கையில இருக்கு. நீ கம்ப்யூட்டரைப் பாத்து உக்காந்திருக்க. ஒரு எழுத்து பிசகல. அப்ப நீதான் எழுதியிருக்க. ஏன் ஜெயா இம்புட்டு நேரம் என்கிட்ட மறைச்ச?

— எழுதினது நான்தான். உனக்குத்தான் எழுதினேன், உன் போட்டோவை வச்சிருந்த ஒரு நம்பருக்கு. நீ எழுதினதை எடுத்து எனக்கு அனுப்பியிருக்கான், நான் எழுதினதை உனக்கு. நடுவுல காயின் பேச்சை மட்டும் ரெண்டு பக்கமும் அவன் சேத்துக்கிட்டான். ஊருக்கெல்லாம் மனு அடிச்சுக் குடுக்கிறவ, நீ சொன்னதா நம்பி அதே காயின்ல நான் தொலைச்ச மூணே கால் லட்சத்துக்கு நாப்பது நாளா ஒரு மனு அடிக்கல எபா, சந்தேகப்படும் நபர்ங்கிற இடத்துல உன் பேரை அடிக்க எனக்குக் கை வரல.